பெட்டியில் காலி இடம் விடாதே

பெட்டியைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. உள்ளே ஏதோ உருண்டது.

1998-ஆம் ஆண்டு. இங்கிலாந்திலிருந்து கப்பலில் மூன்று மாதம் வந்த பார்சல் அது. என் சம்பளத்தில் பாதியை அதற்கு அனுப்பியிருந்தேன். வீடு வரைக்கும் பொறுக்க முடியாமல் ஹட்டன் பஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து பிரித்தேன். உள்ளே இருந்தது நான் வாங்கிய மோர்ஸ் கீ, தந்தி அடிக்கும் கருவி. அதன் மஹோகனி அடிப்பலகை நீளவாக்கில் பிளந்திருந்தது. பித்தளை நெம்புகோல் வளைந்திருந்தது. கருங்குமிழ் இரண்டு துண்டு. சுருள்வில்லைக் காணவே இல்லை. விற்றவர் ஒரே ஒரு சுற்றுச் செய்தித்தாளில் மடித்து, பெரிய அட்டைப் பெட்டிக்குள் போட்டு, மேலே முகவரி எழுதியிருந்தார். அவ்வளவுதான் அவர் கட்டிய கட்டு. நூறு வருஷம் தந்தி அடித்துத் தாங்கிய பொருள் ஒரு கப்பல் பயணத்தைத் தாங்கவில்லை.

அந்த வாங்கில் நான் அழவில்லை. ஆனால் அப்பாவின் நினைவு வந்தது.

அப்பா டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றில் தப்பால்காரர். காலையில் பெரட்டு கலைந்ததும் கந்தோருக்குப் போய்த் தோல் பையை வாங்கிக் கொள்வார். தோளில் மாட்டிக்கொண்டு ஹட்டனுக்கு நடப்பார். துரையின் கடிதங்களோடும் தொழிலாளிகளுக்கு இந்தியாவிலிருந்து வந்த கடிதங்களோடும் மத்தியானத்துக்கு மேல் திரும்புவார். அந்தப் பையில் சில நாள் தந்தியும் இருக்கும். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. 'மதர் எக்ஸ்பயர்ட்' என்று இருந்தால் தபால் கந்தோர் கிளாக்கர் ஐயா மெதுவாகத் தமிழில் சொல்லிவிடுவார். பிறகு அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அப்பா தனியாக மலையேற வேண்டும்.

தந்தி வந்த நாளில் அப்பா வேகமாக நடக்கமாட்டார். சேதிக்கு உரிய பெண் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தால் அங்கே போய்ச் சொல்லமாட்டார். அவள் நிறுவை முடித்து, கூடையை இறக்கி, பீலியில் கால் கழுவி, காம்பராவுக்குள் போய் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கும் வரை லயத்து மூலையில் நிற்பார். பக்கத்து வீட்டு அக்காவை முதலில் கூப்பிட்டு அவளருகே உட்காரச் சொல்வார். அப்புறம்தான் பையைத் திறப்பார். சின்னப் பையனாக இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை அப்போதே எனக்குக் காட்டியவர் அவர்.

1971-இல், எனக்கு ஒன்பது வயது, ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். தந்தி மேசையருகே என்னைத் தூக்கிப் பிடிக்கக் கிளாக்கர் ஐயா அனுமதித்தார். பித்தளை பளபளத்தது. ஐயா மூன்று விரலால் குமிழைப் பிடித்திருந்தார். மணிக்கட்டு மட்டும் அலைபோல ஏறி இறங்கியது. பக்கத்தில் மரக்கூட்டுக்குள் இருந்த சவுண்டர், வரும் சேதியை ஒலியாக்கும் கருவி, டக், டகா, டக் என்று பேசியது. "இது யாரு பேசுறது?" என்று கேட்டேன். "கொழும்பு" என்றார்.

பார்த்தறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மோர்ஸ் கீ என்பது ஒரு பித்தளை நெம்புகோல். அதன் நடுவில் குறுக்காக ஓர் அச்சு. அந்த அச்சை இரு பக்கமும் கூர்முனைத் திருகுகள் தாங்கும். முன்னால் எபோனைட் குமிழ், அடியில் சுருள்வில். அமுக்கினால் முன் தொடுமுனைகள் சேர்ந்து கம்பியில் மின்சாரம் ஓடும். விட்டால் வில் தூக்கிவிடும். திறந்திருக்கும்போது தொடுமுனைகளுக்கு இடையே ஒரு அட்டையின் கனமே இருக்கும். அந்த இடைவெளியைத் தன் கைக்கு ஏற்றபடி திருகி வைத்துக்கொள்வது ஒவ்வொரு தந்திக்காரரின் உரிமை. பொறி பறந்தாலும் அரிக்காமலிருக்கத் தொடுமுனையில் பிளாட்டினமோ வெள்ளியோ பதித்திருப்பார்கள். எடை முழுக்க அடியில். மெலிவு முழுக்க அச்சில். பெட்டி விழும்போது குமிழ்தான் முதலில் அடி வாங்கும். அந்த அடி நேராக அச்சுக்குப் போகும். அனுப்பும்போது வரும் ஆபத்தெல்லாம் இந்த அமைப்பிலேயே இருக்கிறது.

எங்கள் மலைக்குக் கம்பி வந்த கதையும் நீளமானது. இலங்கையில் முதல் தந்திப் பாதை 1858-இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே ஓடியது. பிறகு ரயில் பாதை மலையேறியது. 1867-இல் கண்டி, 1884-இல் ஹட்டன், 1885-இல் நானுஓயா. ஒற்றைத் தண்டவாளம், சிங்கமலைச் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் ஹட்டன், அந்தப் பக்கம் கொட்டகலை. இங்கிருப்பவரும் அங்கிருப்பவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் ஒரு கோச்சியையும் விட முடியாது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை பரவிய அதே காலம் அது. தேயிலை இறங்கிய வழியிலேயே சேதி ஏறியது.

1974-இல் பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக இருந்தது. அந்தக் கணக்கில் எங்கள் பெரியப்பாவும் ஒருவர். தலைமன்னாருக்குப் போகும் வண்டியை எங்கள் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று சொல்லும். ஹட்டன் மேடையில் அன்று கேட்ட அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. பெரியம்மா தகரப் பெட்டிக்குள் ஒரு பீங்கான் கோப்பையைச் சேலைத் துணியில் சுற்றிச் சுற்றி வைத்தார். அது உடைந்துவிடுமோ என்று அத்தனை கவலைக்கு நடுவிலும் அவருக்கு ஒரு கவலை.

அவர்கள் போன மறுநாளிலிருந்து அப்பா தினமும் தந்தி மேசையருகே போய் நின்றார். எட்டு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் மண்டபத்திலிருந்து வந்தது: 'ரீச்ட் சேஃப்லி.' இரண்டே சொல். தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா ஓடி வந்ததை நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

என் முதல் கீ 1986-இல் கிடைத்தது. ஆசிரியர் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம். ஹட்டனில் ஒரு பழைய இரும்புக் கடையில் குத்துவிளக்கு, தண்ணீர்க் குழாய் வாய், உடைந்த பூட்டு இவற்றுக்கு நடுவே கிடந்தது. கடைக்காரர் தராசில் போட்டுப் பித்தளை விலைதான் கேட்டார். தொடுமுனைகளை யாரோ ஏற்கெனவே அரத்தால் ராவி எடுத்திருந்தார்கள். குமிழின் மேல் மூன்று விரல் பட்ட இடம் மட்டும் மங்கித் தேய்ந்திருந்தது. எத்தனை பிறப்பும் சாவும் அந்த விரல் வழியாகப் போயிருக்கும்! அன்றிலிருந்து தேடத் தொடங்கினேன். இன்று என் அலமாரியில் 17 இருக்கின்றன.

ஒவ்வொன்றும் ஒரு பயணம் செய்தே என்னிடம் வந்தது. அவற்றில் ஒரு பயணம் என்னையே உடைக்கப் பார்த்தது. உள்நாட்டுப் போர்க்காலம். கொழும்பு புறக்கோட்டையில் பழைய சாமான் கடையில் பிரிட்டிஷ் ராணுவத்தின் '8 ஆம்ப்' கீ ஒன்றை வாங்கினேன். இரண்டு வயர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்து ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பையைத் திறந்த சிப்பாய், "மேக மொகக்த?" என்றார். இது என்ன என்ற அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் போதாது என்று அந்த நொடியில் புரிந்தது. தமிழ்ப் பெயர், வயர் தொங்கும் பித்தளைப் பொருள், அதிலும் சேதி அனுப்பும் பொருள். பஸ் போய்விட்டது. இரவு முழுவதும் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

காலையில், எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சிங்கள ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் செய்தி கேட்டு வந்தார். மேசை மேலிருந்த கீயைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு மூன்று விரலால் பிடித்தார். "முப்பது வருஷம் எனக்குச் சோறு போட்டது இதுதான்" என்று சிங்களத்தில் சொல்லி அடித்துக் காட்டினார். அதிகாரி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னைப் போகச் சொன்னார். அவர் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை நான் முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை. அந்த நாளுக்குப் பிறகு எந்தக் கீயையும் ஒரு தாள் இல்லாமல் நகர்த்தியதில்லை. படத்தோடு, இது என்ன, எந்தக் காலத்தது, என்ன விலை, மின்சாரம் இல்லாமல் இது வெறும் பித்தளை என்று மூன்று மொழியிலும் எழுதிய தாள். பார்சலுக்குள் ஒன்று, பார்சல் மேல் ஒன்று.

1998-இல் உடைந்து வந்த கீயை எடுத்துக்கொண்டு போய் நின்றது சித்தப்பா வீட்டில். அவர் ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், முப்பது வருஷத்துக்கு மேல் பெட்டியடித்தவர். தேயிலை கடதாசிச் சாக்கில் போகத் தொடங்குவதற்கு முந்திய காலம். பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள், விளிம்பெல்லாம் தகரப்பட்டி. அட்டைப் பெட்டியைக் கையில் வாங்கி, காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

"தம்பி, பெட்டியில காலி எடம் விட்டா, உள்ள இருக்கிறதே உள்ள இருக்கிறத ஒடச்சிரும். வெளிய இருந்து யாரும் வரத் தேவல்ல" என்றார்.

தேயிலைப் பெட்டியை நிரப்பும்போது அதை அதிரும் மேடையில் வைப்பார்களாம். அதிர அதிரத் தூள் இறங்கும். இறங்க இறங்க மேலும் கொட்டுவார்கள். இடைவெளி விட்டால் கொழும்புக்குப் போவதற்குள் இலை உரசி உரசித் தூசாகிவிடும், கிரேடு கெட்டுவிடும். ஈயத்தாளில் ஊசித் துவாரம் இருந்தால் கடல் ஈரம் ஏறி, லண்டனில் திறக்கும்போது பூஞ்சணம் நாறும். பெட்டிக்குள் இருப்பது என்ன என்று தெரிந்தவன்தான் பெட்டியடிக்க வேண்டும் என்பது சித்தப்பா சொன்ன இரண்டாவது பாடம்.

அந்த இரண்டு பாடத்தையும் வைத்துப் பார்சல் கட்டும் என் முறையை நான் அமைத்துக்கொண்டேன். முதலில் தொடுமுனைகளின் நடுவே மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றைச் செருகுவேன். நெம்புகோலை அடிப்பலகையோடு சேர்த்துப் பருத்தி நூலால் கட்டுவேன். இறுக்கினால் அச்சு வளையும், தளர்த்தினால் ஆடும், விரலால் தொட்டால் அசையாத அளவு போதும். குமிழ் கழலுமானால் கழற்றித் தனியே சுற்றுவேன். திருகு, வில் எல்லாம் காலியான சித்தாலேப தைலக் குப்பிக்குள். மேலே துவைத்துக் காய்ந்த வெள்ளைத் துணி. காற்றுக்குமிழ்ப் பிளாஸ்டிக் நேரடியாகப் பட்டால் பழைய வார்னிஷில் வட்ட வட்டமாகத் தழும்பு விழுந்துவிடும்; ஆகவே துணிக்கு வெளியேதான் அது. பிறகு சின்னப் பெட்டி, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று விரல் கனத்துக்கு நுரை, அதற்கு வெளியே பெரிய பெட்டி. ஒரு பெட்டிக்கு ஒரு கீ. இரண்டு கனமான பித்தளையை ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று சுத்தியலாக அடிக்கும். கடைசியில் பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். சத்தம் வந்தால் மறுபடி பிரிப்பேன்.

அமெரிக்கர் ஹொரஸ் மார்ட்டின் கண்டுபிடித்த வைப்ரோப்ளெக்ஸ் போன்ற 'பக்' கீகள் இன்னும் கடினம். கனத்த இரும்பு அடியின் மேல் மெல்லிய ஊசல் தண்டு ஒன்று கிடைவாட்டில் அதிர்ந்தபடி இருக்கும். அந்தத் தண்டைத் தனியாகக் கட்டாமல் அனுப்புவது அதை முறித்து அனுப்புவதற்குச் சமம்.

பேக்லைட் உறை போட்ட கீகளுக்கு விழுந்தால் மன்னிப்பே இல்லை. பிரிட்டிஷ் விமானப் படையினர் வைத்திருந்த வகையில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைத் தொடும்போதெல்லாம் 1942 ஏப்ரல் 4 நினைவு வரும். கொக்கலையிலிருந்து பறந்த கனடியப் படையின் கட்டலினா விமானம், இலங்கைக்குத் தெற்கே சுமார் 350 மைலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. விமானி லெனார்ட் பெர்ச்சல். வானொலி இயக்குநர் மோர்ஸில் எச்சரிக்கையை அடித்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் முறை அனுப்பும்போது விமானம் சுடப்பட்டது. உயிர் தப்பிய ஆறு பேர் கைதானார்கள். சேதி மட்டும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பின் மீது குண்டு விழுந்தபோது தீவு விழித்திருந்தது. ஒரு கருங்குமிழின் மேல் அசைந்த விரல்கள் செய்த வேலை அது.

பயணத்தில் தப்பிய கீயை எங்கள் மலை ஈரம் விடாது. நுவரெலியா மூடுபனியில் பித்தளை ஒரு மழைக்காலத்திலேயே பச்சைக் களிம்பு பிடிக்கும். அதற்காகப் பொலிஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் வார்னிஷ் போகும், பொறித்த எழுத்து மழுங்கும், பசை அச்சுக்குள் போய்க் கல்லாகும். உலர்ந்த துணி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், மாதம் ஒருமுறை காற்று. அவ்வளவு போதும். பிளந்த அந்த மஹோகனிப் பலகையையும் ஒட்டி வைத்திருக்கிறேன். பிளவை மறைக்கவில்லை.

2013 ஜூலை 14 இரவோடு இந்தியா தந்தியை மூடியது. மறு வருஷம் கூடலூரிலிருந்து பெரியப்பா மகன் பேசினார். தாயகம் திரும்பியோருக்கென்று தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் ஃபெக்டரி வேலை செய்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூரில் ஒரு தந்தி ஊழியர் வீட்டில் ஒரு கீ இருக்கிறது, கல்கத்தா அலிப்பூர் தந்திப் பட்டறையில் செய்தது, 1944 என்று பொறித்திருக்கிறது, வாங்கட்டுமா என்றார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை அனுமதியில்லாமல் வெளியே அனுப்ப இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. இதற்கு அந்த வயது ஆகவில்லை. வாங்கச் சொன்னேன். எப்படிக் கட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்தினார்.

"தம்பி, நானும் பெட்டியடிச்சவன்தான். காலி எடம் விடமாட்டேன்" என்றார்.

ஐந்து வாரத்தில் பெட்டி வந்தது. சுங்கத்தில் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். உள்ளே வைத்த தாள் வேலை செய்திருந்தது. காதோரம் வைத்து ஆட்டினேன். சத்தமில்லை. பிரித்தால், வெள்ளைத் துணி, அதற்குள் நூல் கட்டு, அதற்குள் அட்டைத் துண்டு. கட்டை அவிழ்த்ததும் நெம்புகோல் தானாக எழுந்து நின்றது. அண்ணனுக்கு இரண்டே சொல் அனுப்பினேன்: ரீச்ட் சேஃப்லி.

நுவரெலியாவின் சிவப்புச் செங்கல் தபால் கட்டடம் 1894-இல் கட்டியது. 2023-இல் அதைச் சுற்றுலா விடுதியாக்கும் திட்டம் எழுந்தபோது தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டடத்துக்காகக் குரல் கொடுக்க ஆள் இருந்தது நல்லது. அதற்குள் இருந்த சின்னப் பொருள்களுக்கு யார் குரல் கொடுப்பது? கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகத்தில் சில இருக்கின்றன. மீதி எங்கள் மலையில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன, அல்லது தராசில் ஏறிவிட்டன.

உங்கள் தாத்தாவோ அப்பாவோ தபாலிலோ ரயிலிலோ வேலை செய்தவரானால் பெட்டியைத் திறந்து பாருங்கள். பித்தளையும் கருங்குமிழுமாக ஒன்று கிடைத்தால் எடைக்குப் போடாதீர்கள், பளபளக்கத் தேய்க்காதீர்கள். எந்த ஊர் மேசையில் இருந்தது, யார் கை அடித்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். யாருக்காவது அனுப்ப நேர்ந்தால் நெம்புகோலைக் கட்டுங்கள், காலி இடத்தை நிரப்புங்கள், காதோரம் வைத்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். சத்தம் வராத பெட்டியை மட்டும் அனுப்புங்கள்.